வைகையும் பாலாறும் தேசிய நீர்வழிகள் என்றால் அவற்றுக்குப் பொறுப்பு யார்?

கேள்வி இதுதான்: 2016-ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிகள் சட்டத்தில் வைகை, பாலாறு, தாமிரபரணி, காவிரி–கொள்ளிடம், பவானி ஆகியவற்றின் பெயர்கள் இருக்கின்றன. அப்படியானால் இந்த ஆறுகள் மத்திய அரசின் கைக்குப் போய்விட்டனவா? அவற்றில் படகுப் போக்குவரத்தை யார் நிர்வகிக்கிறார்கள்? தவறு நடந்தால் யாரிடம் முறையிடுவது?

முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஆறுகள் கைமாறவில்லை. ஆனால் "யார் பொறுப்பு" என்பதற்கு ஒரே பெயரைச் சொல்லவும் முடியாது. நம் நாட்டுச் சட்டத்தில் நீர்வழி என்பது ஒற்றைப் பொருள் அன்று. ஓடுகிற நீர் ஒருவரிடமும், அந்த நீருக்குள் கலம் செல்லும் தடம் மற்றொருவரிடமும், அத்தடத்தில் செல்லும் கலம் வேறொருவரிடமும், அது வந்து அணையும் துறை இன்னொருவரிடமும் இருக்கின்றன. இந்த நான்கையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் எந்தக் கேள்வியை எந்த அலுவலகத்தில் கேட்பது என்பது விளங்கும்.

இந்தப் பிரிவினை அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையிலேயே தொடங்குகிறது. மத்தியப் பட்டியலின் 24-ஆம் பதிவு, நாடாளுமன்றம் சட்டம் இயற்றித் தேசிய நீர்வழி என்று அறிவித்தவற்றில் இயந்திரத்தால் இயங்கும் கலங்களின் போக்குவரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. "இயந்திரத்தால் இயங்கும்" என்ற சொற்களைக் கவனியுங்கள். துடுப்பாலும் கழியாலும் செல்லும் தோணிகள் அந்தப் பதிவுக்குள் வருவதில்லை. ஏனைய உள்நாட்டு நீர்வழிகளில் செல்லும் இயந்திரக் கலங்கள் பொதுப் பட்டியலின் 32-ஆம் பதிவில் இருக்கின்றன. அவற்றைப் பற்றி இரு அரசுகளும் சட்டம் இயற்றலாம். ஓடத்துறைகளும், மற்ற இரு பட்டியல்களுக்கு உட்பட்டு உள்நாட்டு நீர்வழிகளும் மாநிலப் பட்டியலின் 13-ஆம் பதிவில் உள்ளன. நீர், பாசனம், கால்வாய், வடிகால், கரை ஆகியவை அதே பட்டியலின் 17-ஆம் பதிவில் உள்ளன. 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் கப்பல் போக்குவரத்து என்ற நோக்கத்துக்காக மட்டுமே அந்த நீர்வழிகளை மத்திய அரசின் கட்டுப்பாட்டில் வைக்கிறது. ஆகவே வைகை தேசிய நீர்வழி என்று அறிவிக்கப்பட்டதால், அதன் நீரோ மணலோ பாசன உரிமையோ இம்மியளவும் இடம் மாறவில்லை.

இனி தடத்துக்கு வருவோம். சுதந்திரத்துக்குப் பிறகு இதற்கென ஏற்பட்ட முதல் அமைப்பு, 1952-இல் நிறுவப்பட்ட கங்கை–பிரம்மபுத்திரா நீர்ப் போக்குவரத்து வாரியம். இன்று இப்பொறுப்பை ஏற்றிருப்பது இந்திய உள்நாட்டு நீர்வழிகள் ஆணையம். 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1986 அக்டோபர் 27 அன்று அது நிறுவப்பட்டது. தலைமையகம் நொய்டாவில் இருக்கிறது. துறைமுகங்கள், கப்பல் போக்குவரத்து மற்றும் நீர்வழிகள் அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. அது தொடங்கிய காலத்தில் அதன் கையில் இருந்தது ஹால்டியாவிலிருந்து அலகாபாத் வரையிலான 1620 கி.மீ. கங்கை வழி ஒன்றுதான். 1988-இல் பிரம்மபுத்திராவில் துப்ரி முதல் சதியா வரை 891 கி.மீ. சேர்ந்தது, 1993-இல் கேரளத்தின் மேற்குக் கடற்கரைக் கால்வாய் சேர்ந்தது, 2008-இல் காக்கிநாடா–புதுச்சேரி கால்வாய்களோடு கோதாவரியும் கிருஷ்ணாவும் ஒரு வழியாகவும், ஒடிசாவின் ஆறுகளும் கால்வாய்களும் இன்னொரு வழியாகவும் சேர்ந்தன. 2016 ஏப்ரல் 12 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம் ஒரே அடியில் 106 நீர்வழிகளைச் சேர்த்து எண்ணிக்கையை 111 ஆக்கியது. நம் ஆறுகள் பட்டியலில் ஏறியது அப்போதுதான்.

இந்த ஆணையம் படகு ஓட்டும் நிறுவனம் என்று பலர் நினைக்கிறார்கள். சாலை அமைக்கும் துறை பேருந்து ஓட்டாதது போல, ஆணையத்தின் வேலையும் பெரும்பாலும் வழியைப் போட்டு வைப்பதுதான். ஆற்றின் அடிப்பரப்பை அளப்பது, குறைந்தபட்ச ஆழத்தைக் காப்பது, மிதவைகளும் இரவு விளக்குகளும் அமைப்பது, சரக்கு முனையங்கள் கட்டுவது, தடத்துக்கு இடையூறாக இருப்பதை அகற்றுவது, தடத்தின் மீது பாலமோ மின்கம்பியோ போக வேண்டுமானால் எவ்வளவு உயரம் விட வேண்டும் என்று சொல்வது ஆகியவை அதன் கடமைகள்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த வேலை, கங்கை போன்ற ஆற்றில் எவ்வளவு கடினம் என்பதை ஒரு சிறு காட்சியால் விளக்கலாம். மழைக்காலம் முடிந்து வெள்ளம் வடியும்போது, சென்ற ஆண்டு கலங்கள் சென்ற தடம் இந்த ஆண்டு மணல்திட்டாகியிருக்கும். எல்லா இடத்திலும் இயந்திரம் கொண்டு தூர்வாரினால் கட்டுப்படியாகாது. ஆகவே அங்கே பாண்டல் என்றொரு பழைய முறையைக் கையாள்கிறார்கள். ஓட்டத்துக்குச் சாய்வாக ஆற்றுப் படுகையில் மூங்கில் கழிகளை வரிசையாக அடித்து, அவற்றின் மேற்பாதியில் மட்டும் மூங்கில் தட்டிகளைக் கட்டுகிறார்கள். கீழ்ப்பாதி திறந்தே இருக்கும். மேலே வேகமாக வரும் நீர் தட்டியில் மோதித் தடத்தின் பக்கம் திரும்புகிறது. அடியில் மணலைச் சுமந்து வரும் நீர் தட்டிக்குக் கீழே நுழைந்து, பின்னால் வேகம் இழந்து மணலைப் போட்டுவிடுகிறது. தடம் தானாகவே ஆழமாகிறது. பக்கத்தில் திட்டு வளர்ந்து ஓட்டத்தை மேலும் தடத்துக்குள் ஒதுக்குகிறது. அடுத்த வெள்ளம் இவை அனைத்தையும் அடித்துச் சென்றுவிடும். பிறகு மறுபடியும் கட்ட வேண்டும். இந்த மூங்கில் தட்டிகளைக் கட்டுகிறவர்களின் உழைப்பை நான் மிகுந்த மரியாதையோடு பார்க்கிறேன். ஹால்டியாவுக்கும் வாரணாசிக்கும் இடையே 1390 கி.மீ. தொலைவுக்கு 2.2 முதல் 3 மீட்டர் ஆழமும் 45 மீட்டர் அகலமும் கொண்ட தடத்தை அமைக்கும் ஜல் மார்க் விகாஸ் திட்டத்துக்கு உலக வங்கி 37.5 கோடி டாலர் கடன் அளிக்க 2018-இல் ஒப்பந்தமானது. அவ்வளவு பெரிய திட்டம் நடக்கும் ஆற்றிலும் மூங்கிலுக்கு இன்னும் இடம் இருக்கிறது.

சரக்குக் கணக்கையும் சொல்ல வேண்டும். தேசிய நீர்வழிகளில் 2013–14-இல் சென்ற சரக்கு ஏறத்தாழ 1.8 கோடி டன். 2024–25-இல் அது 14.5 கோடி டன். வளர்ச்சி உண்மையானது. ஆனால் இதில் பெரும் பங்கு மகாராஷ்டிரம், குஜராத் கடற்கரையின் கழிமுகங்களில் ஓதத்தின் உதவியோடு குறுகிய தொலைவு சென்ற சரக்கு என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேர்மையாக இருக்கும். அந்த 2024–25-இல் 111 நீர்வழிகளில் போக்குவரத்து நடந்தவை சுமார் 29. மற்றவை பட்டியலில் இருக்கின்றன, அவ்வளவே. கோடையில் மணலாகக் கிடக்கும் ஆறுகள் பலவற்றில் வணிகப் போக்குவரத்துக்கு வழியில்லை என்றே சாத்தியக்கூறு ஆய்வுகளும் முடிவு கூறின. வைகைப் பாலத்தில் நின்று கீழே பார்க்கிற எவருக்கும் இதற்கு ஆய்வறிக்கை தேவைப்படாது.

தடம் மத்திய ஆணையத்திடம், நீர் மாநிலத்திடம் என்ற இந்த ஏற்பாட்டில்தான் சிக்கலின் வேர் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. தடத்தைக் காக்க நீர் வேண்டும். ஆனால் அணையை எப்போது திறப்பது என்று முடிவெடுப்பவர் பாசனத்தையும் குடிநீரையும் பார்ப்பாரே ஒழிய, கலத்துக்கு எத்தனை அடி ஆழம் வேண்டும் என்று பார்ப்பது அவர் கடமை அன்று. 2018-இல் அமைக்கப்பட்ட காவிரி நீர் மேலாண்மை ஆணையத்தின் வேலை மாநிலங்களுக்கிடையே நீரைப் பங்கிடுவது. படகுப் போக்குவரத்து அதன் கணக்கில் இல்லை. கேரளத்தின் தண்ணீர்முக்கம் தடுப்பணையை எடுத்துக்கொள்ளுங்கள். குட்டநாட்டின் நெல் வயல்களுக்குள் உப்புநீர் ஏறாமல் இருக்க, மழை ஓய்ந்த பின் அதன் மதகுகளை மூடுவது வழக்கம். மூன்றாம் தேசிய நீர்வழி அதே வேம்பநாட்டுக் காயல் வழியாகத்தான் செல்கிறது. மதகுகள் மூடிய மாதங்களில் கலங்கள் அங்குள்ள பூட்டு மதகுக்குள் புகுந்து, இரு பக்க நீர்மட்டமும் சமமாகும் வரை காத்திருந்துதான் கடக்க முடியும். மூடாதே என்கிறான் மீனவன், மூடு என்கிறான் உழவன், வழி வேண்டும் என்கிறான் படகோட்டி. மூவரின் கோரிக்கையும் நியாயமே.

அமெரிக்காவில் இந்தப் பிரிவு வேறு மாதிரி. அங்கே ராணுவப் பொறியாளர் படையே ஆற்றின் தடத்தையும், தடத்துக்காகக் கட்டிய அணைகளையும் பூட்டு மதகுகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது. கலங்களின் பாதுகாப்பு கடலோரக் காவல்படையிடம் இருக்கிறது. ரைன் ஆற்றிலோ, 1815-ஆம் ஆண்டு வியன்னா மாநாட்டில் வித்திடப்பட்ட மத்திய ஆணையம் இன்றும் ஸ்ட்ராஸ்பர்க் நகரிலிருந்து ஐந்து நாடுகளுக்கும் பொதுவான போக்குவரத்து விதிகளை வகுக்கிறது. நம்மிடம் அப்படி ஒரு மேசையைச் சுற்றி எல்லாரும் உட்காரும் இடம் வெகுகாலம் இல்லை. உள்நாட்டு நீர்வழிகள் மேம்பாட்டு மன்றம் என்ற ஒன்று அண்மையில்தான் அமைந்து, 2024 ஜனவரியில் கொல்கத்தாவில் முதன்முறையாகக் கூடியது.

மூன்றாவது, கலம். உயிர் சம்பந்தப்பட்ட பொறுப்பு இது என்பதால் இதையே நான் எல்லாவற்றுக்கும் மேலாகக் கருதுகிறேன். 1917-ஆம் ஆண்டின் நீராவிக் கலங்கள் சட்டம்தான் நூறாண்டுக்கு மேல் இந்நாட்டின் ஆறுகளிலும் ஏரிகளிலும் செல்லும் இயந்திரப் படகுகளை ஆண்டது. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. ஒரு மாநிலத்தில் பதிவான கலம் அடுத்த மாநிலத்துக்குள் நுழைய ஒப்புதல் பெற வேண்டும். அதை நீக்கிவிட்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021-இல் இயற்றப்பட்டு, 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி விதிகள் நாடு முழுமைக்கும் ஒன்று. பதிவும் நாடு முழுவதும் செல்லும். ஆனால் பதிவு செய்வதும், ஆய்வு செய்து சான்று வழங்குவதும், ஓட்டுநருக்குத் தகுதிச் சான்று தருவதும் மாநில அரசு நியமிக்கும் அதிகாரிகளின் வேலை. காப்பீடு கட்டாயம். அதாவது நீர்வழி தேசியமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு சுற்றுலாப் படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதித் தருபவர் மாநில அதிகாரிதான்.

2023 மே 7 அன்று மாலை, மலப்புறம் மாவட்டம் தானூரில் கழிமுகத்தில் சென்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து, குழந்தைகள் உட்பட 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிப் படகாக இருந்ததைப் பயணிகள் படகாக மாற்றியிருந்தார்கள். ஏற வேண்டியதற்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள். அப்போது புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து ஏறத்தாழ ஓராண்டு ஆகியிருந்தது. அதற்கு முன், 2021 செப்டம்பர் 8 அன்று அசாமில் நிமாத்தி துறைக்கு அருகே, மாஜுலிக்குச் செல்லும் தனியார் படகும் அரசுப் படகும் பிரம்மபுத்திராவில் மோதிக்கொண்டன. அதன் பிறகே ஒற்றை எஞ்சின் கொண்ட தனியார் பயணிகள் படகுகளுக்குத் தடை வந்தது. இரண்டு இடங்களிலும் சட்டமும் இருந்தது, அரசுத் துறையும் இருந்தது; படகுத் துறையில் நின்று ஆட்களை எண்ணி, "இதற்கு மேல் ஏறாதீர்கள்" என்று சொல்ல வேண்டிய ஒருவர்தான் இல்லை. புதிய அதிகாரி பதவிகளை உருவாக்குவதைவிட, ஒவ்வொரு படகுத் துறையிலும் அந்த ஒருவரை நிறுத்துவதற்குச் செலவிட்டால் பல உயிர்கள் மிஞ்சும் என்று உறுதியாக நம்புகிறேன்.

எஞ்சின் இல்லாத கலங்களையும் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் மறக்கவில்லை. அவற்றைப் பட்டியலில் சேர்த்து, குறைந்தபட்சப் பாதுகாப்பைக் கவனிக்கும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளுக்கு மாநிலம் ஒப்படைக்கலாம் என்கிறது. தமிழ்நாட்டில் இது புதிய சிந்தனை அன்று. சென்னை மாகாணத்தில் 1890-ஆம் ஆண்டிலேயே கால்வாய்களுக்கும் பொது ஓடத்துறைகளுக்கும் ஒரு சட்டம் வந்துவிட்டது. துறையைக் குத்தகைக்கு விடும் வழக்கம் இன்றும் பரிசல் துறைகளில் தொடர்கிறது.

நான்காவதாகிய துறையின் நிலைமையை ஒகேனக்கல்லில் மிகத் தெளிவாகப் பார்க்கலாம். அங்கே பரிசல் இயக்க உரிமம் தருவது பென்னாகரம் ஊராட்சி ஒன்றியம். கர்நாடகத்திலிருந்து எத்தனை கன அடி நீர் வருகிறது என்று பிலிகுண்டுலுவில் அளப்பது மத்திய நீர் ஆணையம். அந்த அளவு ஏறியதும் "பரிசல் இயக்கவும் அருவியில் குளிக்கவும் தடை" என்று உத்தரவிடுபவர் தருமபுரி மாவட்ட ஆட்சியர். உத்தரவு வந்ததும் பரிசல்கள் கரையில் கவிழ்த்து வைக்கப்படுகின்றன. பரிசல் ஓட்டிகள் நீர் வடியும் நாளைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். சட்டப் பட்டியலில் உள்ள காவிரி நீர்வழி இதற்கு வெகு கீழே, ஊராட்சிக்கோட்டை கதவணையில் தொடங்கிக் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குச் செல்வதால், நொய்டா ஆணையத்துக்கு இங்கே வேலையே இல்லை. ஆயினும் நான் பார்த்தவரையில் இந்த ஏற்பாடு ஓரளவு நன்றாகவே இயங்குகிறது. அளப்பவர், ஆணையிடுபவர், உரிமம் தருபவர் மூவரும் வேறுவேறு என்றாலும், ஆணையிடுபவர் யார் என்பதில் எவருக்கும் ஐயம் இல்லை.

ஆற்று முகத்துவாரத்தில் பெரிய துறைமுகம் இருந்தால், அதன் எல்லைக்குள் தடமும் வழிகாட்டலும் அந்தத் துறைமுகத்தின் பொறுப்பாகின்றன. ஹூக்ளியில் கொல்கத்தா துறைமுகம் செய்வது இதைத்தான். எல்லை தாண்டினால் அயல்நாட்டு அமைப்பும் சேர்கிறது: கங்கையிலிருந்து பிரம்மபுத்திராவுக்குக் கலம் செல்ல வேண்டுமானால் வங்கதேசத்தின் வழியாகத்தான் செல்ல முடியும், அதற்கு 1972-இல் இரு நாடுகளும் செய்துகொண்ட நீர்வழி உடன்படிக்கையே இன்றும் அடிப்படை.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, உண்மையிலேயே கலங்கள் நிறைந்து ஓடிய நீர்வழி பக்கிங்ஹாம் கால்வாய்தான். 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே கொக்ரேன் என்ற வணிகரின் முயற்சியில் அது தொடங்கியது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில், கூலிக்கு வந்த மக்களைக் கொண்டு அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கி.மீ. துண்டு வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநரான பக்கிங்ஹாம் கோமகனின் பெயரே கால்வாய்க்கு நிலைத்துவிட்டது. பசியோடு மண் சுமந்தவர்கள் பெயர் எங்கும் இல்லை. ஆந்திரத்திலிருந்து அரிசியும், வழியெங்கும் விறகும் உப்பும் தோணிகளில் சென்னைக்கு வந்தன. 1960-களின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. லாரியும் ரயிலும் மீதியை முடித்தன.

2008-இல் இது நான்காம் தேசிய நீர்வழியின் பகுதியானது. பெத்தகஞ்சத்திலிருந்து சென்னை வரை 316 கி.மீ. வட கால்வாய், சென்னையிலிருந்து மரக்காணம் வரை 110 கி.மீ. தென் கால்வாய். ஆனால் அதற்குள் நகரத்தின் நடுவில் பறக்கும் ரயில் வந்துவிட்டது. திருமயிலையிலோ கஸ்தூர்பா நகரிலோ ரயிலிலிருந்து இறங்கிக் கீழே பாருங்கள்: தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன, இடையில் கறுப்பாகத் தேங்கிய நீரில் ஒரு தோணிகூடத் திரும்ப முடியாது. ரயிலைக் கட்டியது ரயில்வே. கரையும் படுகையும் மாநில நீர்வளத் துறையுடையவை. கழிவுநீரைத் தடுக்க வேண்டியவை குடிநீர் வாரியமும் மாநகராட்சியும். தடம் நீர்வழிகள் ஆணையத்தினுடையது. ஆனால் இரு முனைகளையும் இணைக்கும் நடுப்பகுதியை விட்டுவிட்டு அந்த ஆணையம் என்ன தடம் போட முடியும்? இந்த நீர்வழியில் முதல் கட்டப் பணி கிருஷ்ணா ஆற்றில், முக்த்யாலாவிலிருந்து விஜயவாடா வரையிலான 82 கி.மீ. தொலைவில் எடுக்கப்பட்டதே தவிர, நம் பக்கம் வரவில்லை. நான் சென்னையின் இந்தக் கால்வாயைச் சரக்குப் பாதையாக மீட்க முடியும் என்று நினைக்கவில்லை. வெள்ளத்தை வடிக்கும் வாய்க்காலாகவாவது அதைக் காப்பாற்ற வேண்டும் என்பதே என் விருப்பம். முட்டுக்காட்டுக்குத் தெற்கே, நீர் இன்னும் அகலமாகக் கிடக்கும் பகுதியில் படகுக்கு வாய்ப்பு உண்டு.

இனி முறையீடு எங்கே என்பது. மிதவை இல்லை, தடம் தூர்ந்துவிட்டது, தாழ்வாகப் பாலம் கட்டுகிறார்கள் என்றால், அது தேசிய நீர்வழியாக இருக்கும்பட்சத்தில் உள்நாட்டு நீர்வழிகள் ஆணையத்துக்கு எழுதுங்கள். கரை உடைப்பு, ஆக்கிரமிப்பு, மதகு என்றால் நீர்வளத் துறையின் செயற்பொறியாளர். படகில் பதிவு எண் எழுதப்படவில்லை, உயிர்காப்பு மிதவை அங்கி தரவில்லை, அளவுக்கு மீறி ஏற்றுகிறார்கள் என்றால் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே காவல் துறையையும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தையும் அழையுங்கள். எந்தத் துறைக்கு உரியது என்பதை அவர்கள் பிறகு பார்த்துக்கொள்ளட்டும். பரிசல் துறையின் குத்தகை, கட்டணம் பற்றியது என்றால் ஊராட்சி ஒன்றியம். எந்த அலுவலகம் என்று தெரியாமலேயே தகவல் கேட்க வேண்டியிருந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(3) பிரிவு உதவும்: நீங்கள் தவறான அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தாலும், உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாட்களுக்குள் அதை மாற்றி அனுப்பி, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டிய கடமை மனுவைப் பெற்றவருக்கு உண்டு. மாற்றி அனுப்பியதாக வரும் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் பொறுப்பு யாருடையது என்பதை ஓர் அரசு அலுவலகமே எழுத்தில் சொல்லியிருக்கும்.